முகாம் பிள்ளைகளுக்கு ஒருநாள் கூட்டம் வேண்டாம், ஏழு ஞாயிறு கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் நடக்கும் ‘மனநல விழிப்புணர்வு முகாம்’ பற்றிய படச்செய்திகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வருகின்றன. பந்தல், பேனர், ஒலிபெருக்கி, முன்வரிசையில் தாங்கள் வரைந்த படத்தைத் தூக்கிப் பிடித்தபடி பிள்ளைகள். ஏற்பாடு செய்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை. சிலருக்கு அது கெடுதலாகவும் முடிகிறது. அதே ஆள்பலத்தையும் பணத்தையும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்துப் போட்டால் என்ன செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், யார் இந்தப் பிள்ளைகள்? 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி 2009-ல் போர் முடியும்வரை அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்கள், 18,944 குடும்பங்கள், 58,822 பேர். காவிரிப் படுகையின் தலைமாட்டில், திருச்சி விமான நிலையத்தை ஒட்டிக் கொட்டப்பட்டு முகாமும், துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை முகாமும் இருக்கின்றன. இன்று அங்கே 14 வயதில் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் இந்த மண்ணிலேயே பிறந்தது. செல்லடியைக் கேட்டதில்லை, பங்கருக்குள் பதுங்கியதில்லை. “அப்புறம் என்ன போர்ப் பாதிப்பு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

போர் இந்தப் பிள்ளைக்குள் வருவது வீட்டின் வழியாக. நள்ளிரவில் விமானம் தாழ இறங்கும் இரைச்சலில் அம்மம்மா எழுந்து சுவரோரம் குந்திக்கொள்கிறார். அவருக்கு அது இன்னமும் ‘பொம்பர்’, குண்டு போட வரும் விமானம். தீபாவளிக்கு முதல்நாள் அப்பா காரணம் சொல்லாமல் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அலமாரியில் இருக்கும் மாமாவின் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்பது 2009-லிருந்து முடிவாகவில்லை. பிள்ளை கேட்டால் கிடைக்கும் பதில்: “அதெல்லாம் உனக்கெதுக்கு, போய்ப் படி.” சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். அந்தக் கற்பனை பெரும்பாலும் நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும், பல வேளை தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொள்ளும்.

வெளியே தெரிவது வேறு. காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி, விடியும்வரை விழிப்பு, வகுப்பில் தூக்கம், சின்னச் சொல்லுக்குச் சுள்ளென்று கோபம். எட்டாம் வகுப்புவரை நன்றாகப் படித்த பையன் ஒன்பதில் சரிகிறான், பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறான். பெண்பிள்ளை என்றால் 18 நிரம்பும் முன்பே கல்யாணப் பேச்சு. பள்ளியில் இதற்கு ‘சேட்டை’, ‘சோம்பல்’ என்றுதான் பெயர்.

இங்கே ஒரு எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். போர், மோதல் கண்ட மக்களிடையே எந்த ஒரு நேரத்திலும் ஐந்தில் ஒருவருக்கு மனநோய் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீடு. துல்லியமாக 22 சதவீதம். மேடையில் இதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். திருப்பிப் படித்தால், ஐந்தில் நால்வருக்கு நோய் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை அன்று. நிம்மதியான வீடு, நம்பிக்கையான ஒரு பெரியவர், விளையாட இடம், நாளைக்கு என்ன என்பதில் ஒரு தெளிவு. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வகுத்த வழிகாட்டி நெறிமுறை இதை நான்கு அடுக்குக் கோபுரமாகச் சொல்கிறது. அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படை வசதியும். அதன்மேல் குடும்பமும் அக்கம்பக்கமும். மூன்றாவது, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் நடத்தும் குழு அமர்வுகள். உச்சியில்தான் மனநல மருத்துவர். நம் ஊரில் இந்தக் கோபுரத்தைத் தலைகீழாக நட்டுவைக்கிறோம். மருத்துவரை ஒரு நாள் மேடைக்கு அழைத்து வருவோம். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. இரவில் கழிவறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் படுக்கும் பெண்பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்து என்ன ஆகப்போகிறது?

ஒருநாள் கூட்டம் ஏன் கெடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதில் வழக்கமாக நடப்பது இரண்டு. ஒன்று, “உங்கள் மனதில் இருப்பதை வரையுங்கள்” என்று தாள் கொடுப்பது. இரண்டு, “கொட்டிவிடுங்கள், பாரம் இறங்கிவிடும்” என்று பேசவைப்பது. கொடுமையான அனுபவத்தை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைக்கும் முறை பின்னாளைய மனவடுவைத் தடுப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது. பயத்தைக் கிளறுவதற்குப் பத்து நிமிடம் போதும், அதை அடக்கி உட்காரவைக்க வாரக்கணக்கில் ஆகும். கிளறியவர் மாலை 5 மணிக்கு வேனில் ஏறிவிடுவார். பிள்ளை அன்றிரவு தனியாகக் கிடக்கும். போதாததற்கு, எரியும் வீட்டை வரைந்த பிள்ளையின் படத்தைத்தான் புகைப்படக்காரர் தேடி எடுப்பார், மற்றவர் அதற்குத்தான் கைதட்டுவார். நன்றாகத் துன்பத்தைக் காட்டினால் பரிசு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

நீண்ட திட்டமும் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் பலிக்காது. யாழ்ப்பாணத்தில் 9 முதல் 12 வயது வரையிலான 399 பள்ளிப் பிள்ளைகளிடம், 5 வாரத்தில் 15 அமர்வுகள் என்று ஒரு திட்டத்தை முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. பையன்களிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அமர்வுகளில் கலந்துகொண்ட சிறுமிகளுக்கு மனவடு அறிகுறிகள் தணிந்த அளவு, கலந்துகொள்ளாமல் காத்திருந்த சிறுமிகளுக்குத் தணிந்ததைவிடக் குறைவு. போரின் நெருக்கடி அன்றாட வாழ்வில் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே உதவி கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளிடம், தமிழில் நடந்த சோதனை இது. முகாமில் வேலை செய்ய நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். பொம்பளப் பிள்ளைகளைப் பையன்களோடு ஒரே வட்டத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாமா என்ற கேள்விக்கு இதைவிட எச்சரிக்கை தேவையில்லை.

அன்றாட நெருக்கடி என்றால் இங்கே முதலிடம் காகிதத்துக்கு. கல்லூரி விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டம் வரும் இடத்தில் பிள்ளையின் பேனா நின்றுவிடும். “நீ நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்” என்று ஆறுதல் சொல்வது பொய். சட்டம் இப்படி: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடியுரிமை உடையவர். அதன்பின் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகோ இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இன்றைய வளரிளம் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்தக் கடைசி வரிசையில் வருகிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவர் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்திருந்தால் அவர் விஷயம் வேறு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், உயர் நீதிமன்றம்வரை போய்க் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தது செய்தித்தாள்களில் வந்ததுதான். ஆகவே ஆலோசகரின் பையில் இரண்டு காகிதம் இருக்க வேண்டும்: பிறந்த தேதிவாரியாக இந்தச் சட்டத்தை எளிய தமிழில் சொல்லும் ஒரு பக்கம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரி. கூடவே, முகாம் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பில் சேர வழி உண்டு, எதில் இல்லை, அரசு உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பிள்ளை உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிச் சேர்க்கைக் கவுன்சலிங் வாசலில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, ஒன்பதாம் வகுப்பில் தெரிந்து வேறு பாதை பார்ப்பது மேல்.

சரி, அந்த ஏழு ஞாயிறு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2023-ல் வெளியிட்ட ‘ஈஸ்’ என்ற கையேடு 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கானது: பிள்ளைகளுக்கு 7 அமர்வு, பெற்றோருக்குத் தனியாக 3. நடத்துகிறவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் போதும். ஜோர்டானில் சிரிய அகதிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் குறைந்தன. மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, ஓரளவுதான். அந்த ஓரளவே போதுமானது என்பது எங்கள் கருத்து.

ஒரு குழுவுக்கு 8 முதல் 10 பிள்ளைகள். 10–12, 13–15 என்று வயதைப் பிரியுங்கள். ஆண், பெண் தனித்தனி. 16, 17 வயதினருக்கு இதே சாரத்தை வேலை, படிப்பு என்ற கோணத்தில் தனியாகச் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் இரண்டாம் வாரம் வர மாட்டார்கள். நடத்துநர் இருவர்: ஒருவர் முகாமிலேயே வளர்ந்து கல்லூரி முடித்த அக்கா அல்லது அண்ணன், மற்றவர் வெளியிலிருந்து. இருவரும் முகாமைச் சேர்ந்தவராக இருந்தால் பிள்ளை வீட்டு விஷயம் பேசாது. இருவரும் வெளியாளாக இருந்தால் வீட்டு விஷயம் இருவருக்கும் புரியாது. குறைந்தது ஒரு வாரப் பயிற்சி, பிறகு வாரம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளரோடு ஒரு மணி நேரம். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் காலூன்றியதே திருச்சியில்தான், 1990-களின் பிற்பகுதியில். மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று சொல்லும் நிலையில் இந்த மாவட்டம் இல்லை.

யாரைச் சேர்ப்பது? பிள்ளையின் மனநிலை, நடத்தை பற்றிய எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விப் படிவம் தமிழில் கிடைக்கிறது, பத்து நிமிட வேலை. அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களை முதலில் அழையுங்கள். அது நோய்க்கான தீர்ப்பு அல்ல, சல்லடை மட்டும்தான். படிவத்தைப் பள்ளி வகுப்பறையில் வைத்து நிரப்பினால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். தனியாக, வாசித்துக் காட்டி நிரப்ப வேண்டும். குழுவுக்கு ‘மனநல வகுப்பு’ என்று பெயர் வைத்தீர்களோ, தொலைந்தது. ‘ஞாயிறு வட்டம்’ போதும்.

நேரம் மாலை 4 முதல் 5.30. ஜூலை இரண்டாம் ஞாயிறு தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். இடையில் ஆடிப்பெருக்கு வரும். அது ஞாயிற்றில் விழுந்தால் அந்த வாரம் பேசாமல் விடுமுறை விடுங்கள், அம்மா மண்டபத்துக்குக் கிளம்பிய பிள்ளையைப் பிடித்து உட்காரவைப்பதில் பொருளில்லை. முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளும் ஆகாது. அன்று வீடே பரபரப்பில் இருக்கும். 2009-ல் போர் முடிந்த நாளான மே 18-ஐ ஒட்டி ஒருபோதும் புதுக்குழு தொடங்காதீர்கள். அந்த வாரம் வீடுகளின் காற்றே வேறு.

தேவையான பொருள் சொற்பம். 4 பாய், 10 நோட்டு, ஸ்கெட்ச் பேனா, சார்ட் 7, சுண்டல், தண்ணீர். நோட்டைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள். பத்துக்குப் பத்து வீட்டில் நோட்டை ஒளித்துவைக்க இடம் கிடையாது, தம்பி எடுத்துச் சத்தமாக வாசிப்பான், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வெறும் பூவும் வீடும் வரைந்துவிட்டுப் போகும். நோட்டுகள் பூட்டிய டிரங்குப் பெட்டியில், நடத்துநரிடம். ஜன்னலுக்குத் திரை வேண்டும். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வெளியே ஒருவர் பந்து வைத்து விளையாட்டுக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். புகைப்படம் கூடவே கூடாது, முதுகுப்பக்கம் எடுத்தாலும் சரி.

முதல் அமர்வில் உணர்வுகளுக்குப் பெயர் வைப்பதும், ரகசியத்தின் எல்லையும். “இங்கே பேசுவது வெளியே போகாது” என்று மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்: நீ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் போகிறாய் என்றால், இன்னொருவரைக் காயப்படுத்தப் போகிறாய் என்றால், உன்னை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால், நாங்கள் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி எவரிடமும் வாய் திறக்காது.

இரண்டாவது, உடம்பைத் தணிப்பது. இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு தப்பாகச் செய்வது இதைத்தான். சப்பணமிட்டோ சுவரில் சாய்ந்தோ உட்கார்ந்து, ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். மார்பின் கை அசையாமல் வயிற்றின் கை மட்டும் ஏற வேண்டும். மூன்று எண்ணி உள்ளே, மூன்று எண்ணி வெளியே. “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று சொல்வதுதான் முதல் தவறு. பெரிதாக இழுத்தால் தலை கிறுகிறுக்கும், விரல் மரமரக்கும், பிள்ளை பயந்துபோய் இனி வேண்டாம் என்றுவிடும். ‘மெதுவாக’ என்பதுதான் சொல், ‘ஆழமாக’ என்பதல்ல. கண்ணை மூடச் சொல்வது இரண்டாவது தவறு. பயம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதுதான் தெரியும். திறந்த கண்ணோடு தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். மூன்றாவது தவறு, பதற்றம் வந்தபிறகு முதன்முறையாகச் செய்துபார்ப்பது. நீந்தத் தெரியாதவனை ஆற்றில் வெள்ளம் வரும்போது இறக்குவது போலத்தான் அது. மனம் சாதாரணமாக இருக்கும்போது காலை 5 நிமிடம், படுக்குமுன் 5 நிமிடம், இரண்டு வாரம். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரிப்பும் மூச்சுதான். மூச்சு ஒத்துவராத பிள்ளைக்கு மாற்று: கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று என்று எண்ணிச் சொல்வது. இருக்கும் இடத்துக்கு மனதைத் திருப்பிக் கொண்டுவரும்.

மூன்றும் நான்கும், சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளையை மறுபடி அசையவைப்பது. ‘மனசு சரியானதும் விளையாடப் போவேன்’ என்பது பிள்ளையின் கணக்கு; போனால்தான் மனசு சரியாகும் என்பது இந்த முறையின் கணக்கு. விட்டுப்போன ஒரு செயலை எடுத்து மிகச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். கிரிக்கெட் என்றால், திங்கள் மட்டையைத் தேடி எடுப்பது மட்டும், புதன் ஒரு நண்பனிடம் கேட்பது மட்டும். இந்த வாரங்களில்தான் வருகை குறையும். முதல் ஆர்வம் தீர்ந்திருக்கும், சில பையன்களுக்கு ஞாயிறும் பெயிண்டிங் வேலை வந்துவிடும். வராதவனை அதட்டாமல், அடுத்த ஞாயிறு 20 நிமிடம் முன்பே வரச் சொல்லி விட்டதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஐந்தும் ஆறும், பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது: என்னால் மாற்ற முடிந்தது எது, முடியாதது எது. குடியுரிமைக் கட்டம் முடியாத பக்கம் போகும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரைக் கேட்பது என்பது முடிந்த பக்கம் வரும். ஏழாவது, இனிமேல் சறுக்கினால் என்ன செய்வது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

மொழி விஷயத்தில் ஒன்று. நம் டெல்டாத் தமிழும் அவர்கள் வீட்டுத் தமிழும் ஒன்றுதான் என்று எண்ணி ஏமாறக் கூடாது. பிள்ளை பள்ளியில் நம்மைப் போலவே பேசும். அழுகை வரும்போது வீட்டுப் பேச்சுக்குப் போய்விடும். “ஒரே யோசனையாக் கிடக்கு” என்றால் ஏதோ சிந்திக்கிறது என்று பொருளில்லை, கவலை தின்கிறது என்று பொருள். “பகிடி பண்ணுறாங்கள்” என்றால் வகுப்பில் கேலி செய்கிறார்கள். “எனக்கு ஏலாது” என்பதைப் பிடிவாதம் என்று குறித்துக்கொண்ட படிவங்கள் உண்டு. ‘முடியவில்லை’ என்பதுதான் அது. பேச்சைத் திருத்தாதீர்கள். சிரிக்கவே சிரிக்காதீர்கள். ‘அகதி’ என்ற சொல்லை அரசே 2021-ல் முகாம்களின் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. வருகைப்பதிவின் தலைப்பில் இன்னும் அதை எழுதி வைத்திருப்பவர்கள் அழித்துவிடலாம்.

பெற்றோர் இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வொன்று, போர் அனுபவமும் தந்தையின் குடியும் சேர்ந்த வீட்டில் பிள்ளைமீது அடி கூடுகிறது என்று காட்டியது. போர் முடிந்து கடல் தாண்டி வந்தபின்னும் அந்தக் கை ஓங்குகிறது. இங்கே டாஸ்மாக் இன்னும் பக்கம். மூன்று பெற்றோர் அமர்வுகளில் அப்பாக்களை வரவைப்பதுதான் கடினம். கூலி போகாத நேரம் இரவு 7.30-க்கு மேல்தான், அப்போதுதான் வைக்க வேண்டும். “பிள்ளை வளர்ப்பது எப்படி” என்று அழைத்தால் வர மாட்டார்கள். “பிள்ளையின் மேற்படிப்புக்கு என்ன வழி” என்று அழைத்தால் வருவார்கள். அந்தக் காகிதத்தை முதல் அரைமணியில் விளக்கிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: நடந்ததைப் பிள்ளையிடம் அறவே மறைக்காதீர்கள், அறவே கொட்டவும் செய்யாதீர்கள். கேட்ட கேள்விக்கு, கேட்ட அளவுக்கு, உண்மையான பதில். “அந்தச் சத்தம் கேட்டால் அம்மம்மாவுக்குப் பழைய ஞாபகம் வருது, கொஞ்ச நேரத்தில் சரியாயிடும், உன்னால இல்ல” — மூன்று வாக்கியம்.

காணாமல் ஆக்கப்பட்டவர் உள்ள வீடுகளுக்கு இதுகூடப் போதாது. ஆடி அமாவாசையில் காவிரிக்கரை முழுக்க எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். உடலைப் பார்க்காத வீட்டில் தர்ப்பணம் கொடுத்தால் தாங்களே கொன்றதுபோல் ஆகிவிடும், கொடுக்காவிட்டால் துக்கம் முடிவதே இல்லை. வெளியிலிருந்து போகிறவர் “இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லக் கூடாது. “வருவார்” என்றும் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழலாம், அம்மா விளக்கேற்றலாம், அப்பா காத்திருக்கலாம், பிள்ளை எந்தப் பக்கமும் சேர வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைக்குக் கேட்கும்படி பேசுவதுதான் செய்யக்கூடியது. போருக்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் சமூகமே சுமக்கும் மனவடுவைப் பற்றி எழுதியும், சடங்கையும் கூட்டு அழுகையையும் மருத்துவத்தின் பகையாகப் பார்க்காமல் துணையாகக் கொண்டும் வந்திருக்கிறார்கள். கோயிலையும் மாதா கெபியையும் விட்டுவிட்டு இங்கே எந்தத் திட்டமும் நிற்காது.

குழு அமர்வு தாங்காத பிள்ளைகள் உண்டு. ஒரு மாதத்துக்கு மேலாகக் கெட்ட கனவு, திடுக்கிடல், தவிர்த்து ஒதுங்கல், பள்ளியே போகாத நிலை, யாருக்கும் கேட்காத குரல் கேட்பது, கையைக் கிழித்துக்கொள்வது. இவர்களை ஏழாம் வாரம்வரை வைத்திருக்காதீர்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. “போய்க் காட்டுங்கள்” என்று சீட்டு எழுதித் தருவது அனுப்புவது ஆகாது. எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று முன்பே பேசிவைத்து, முதல்முறை ஒருவர் கூடவே போக வேண்டும். அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், இரண்டாம் முறை வராமல் போவதற்கு அதுதான் காரணம், அலட்சியம் அல்ல.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது மூடநம்பிக்கை. ஆம் என்றால், அன்றிரவு தனியாக விடக் கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரைகள் அன்றே வெளியேற வேண்டும். ஏதாவது குடித்துவிட்டதாகத் தெரிந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைதான். ‘கேஸ் ஆகிவிடும்’ என்று முகாம் குடும்பங்கள் மற்றவரைவிடக் கூடுதலாக அஞ்சும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சுவரில் எழுதிவையுங்கள், கூடவே இரண்டு எண்கள்: 14416 மனநல உதவி, 1098 குழந்தைகள் உதவி. இரண்டுக்கும் காசு இல்லை, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

இந்தப் படுகைக்கு இதெல்லாம் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வந்து உள்ளூர் ஆட்களைப் பழக்கியதை நாகைக் கடற்கரை பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்துப்போட்ட வேதாரண்யம் பக்கம், தென்னையோடு படிப்பும் சாய்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போதும் முதல் மாதம் ஆலோசகர் கூட்டம் தாங்காது, நான்காம் மாதம் ஆளே இருக்காது. பிள்ளைகளின் தூக்கம் கெடுவது பல வேளை அந்த நான்காம் மாதத்தில்தான்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய ஒதுக்கீடு அல்ல. ஒருநாள் கூட்டத்துக்கான பணத்தை ஒரு முகாமுக்கு இரண்டு குழு என்று மாற்றிவிடுங்கள். முகாம் இளைஞர்களில் நான்கு பேருக்குப் பயிற்சியும் மதிப்பூதியமும். மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வாரம் ஒரு மணி நேரம். எழுத்தில் ஓர் உத்தரவு, இந்த ஏழு வாரமும் சமுதாயக் கூடத்தில் வேறு நிகழ்ச்சி கிடையாது என்று. அப்புறம், அந்தக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டுவையுங்கள். முதல் ஞாயிறு மாலை 4 மணிக்குப் பூட்டிய கதவின் முன் பத்துப் பிள்ளைகள் நின்றால், அடுத்த ஞாயிறு நான்கு பேர்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
வளரிளம் பருவத்தினர் நலக் களப்பணியாளர்கள் சிலர்,
திருச்சி – தஞ்சாவூர்.